ஒஸெல்லாவின் இரண்டாவது சாட்சி

ஒஸெல்லாவின் பெயர் வாக்காளர் பட்டியலில் ஏறிவிட்டது என்ற செய்தி என் காதில் விழுந்தபோது, எங்கள் சர்ச்சுச் சிஸ்டர் மேபலின் சுருட்டை முடியை நேராக்கச் சூடான இரும்புச் சீப்பை இழுத்துக்கொண்டிருந்தேன். "ஐயையோ!" என்று அலறினாள் மேபல். காது மடலில் சுட்டுவிட்டேன். பதினாறு வருடமாக இந்த ஊரில் பார்லர் நடத்துகிறேன். அதுவரை ஒருத்தி காதையும் நான் சுட்டதில்லை.

"நெசமாவா சொல்ற?" என்று கேட்டேன்.

"பொய்யா சொல்லுவாங்க? தபால்ல கடுதாசி வந்துருச்சு. நேத்து சர்ச்சுல எல்லாருக்கும் காட்டினா. நீதான் சளின்னு வீட்டுல படுத்துட்டியே. பாஸ்டர் அழுதுட்டார்னா பாத்துக்கோ." மேபல் காதைப் பொத்திக்கொண்டே சொன்னாள். "உனக்கு சந்தோஷமா இல்லியா, வெர்லீன்?"

"ரொம்ப சந்தோஷம்," என்றேன். வயிறு பற்றி எரிந்தது.

அது 1963, செப்டம்பர். அலபாமாவில் பெல்ட்ரி கவுண்டி என்கிற எங்கள் மாவட்டத்தில் கறுப்பர்கள் ஏழாயிரம் பேர் இருந்தோம். பட்டியலில் இருந்தவர் ஒரே ஒருவர், எங்கள் சர்ச்சின் டீக்கன் ஏமஸ். முதல் உலகப்போருக்குப் போய்த் திரும்பியவர். எந்தப் புண்ணியவான் எந்த மயக்கத்தில் அவர் பெயரை எழுதினானோ, எழுதிவிட்டான். அதற்கப்புறம் எத்தனையோ வருடம் யார் பெயரும் ஏறவில்லை. இப்போது ஏறியது ஒஸெல்லா க்ரூமின் பெயர்! சனிக்கிழமைதோறும் வீட்டு வாசலில் மீன் பொரித்து விற்கிற ஒஸெல்லா. ஆறாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்ட ஒஸெல்லா.

நான் பத்தாம் வகுப்பு. மான்ட்காமரியில் படித்து வாங்கிய லைசென்ஸ் கண்ணாடி போட்டு பார்லர் சுவரில் தொங்குகிறது. தினமும் செய்தித்தாள் படிக்கிறேன். அரசியல் சட்டத்தில் எந்தப் பத்தியைக் கேட்டாலும் தூக்கத்தில்கூடச் சொல்வேன். சர்ச்சின் கீழ் அறையில் செவ்வாய்க்கிழமைதோறும் வாக்காளர் பதிவுப் பரீட்சைக்கு வகுப்பு நடத்தியது யார்? நான்தான். அதில் முன் பெஞ்சில் உட்கார்ந்து, "வெர்லீன், இந்த வார்த்தைய எப்படி எழுதறது?" என்று உயிரை வாங்கியது யார்? அவள்தான்.

இதைவிடப் பெரிய கொடுமை ஒன்று உண்டு. அவள் பெயர் ஏறிய அந்தத் திங்கட்கிழமை, வரிசையில் அவளுக்கு முன்னால் நின்றது நான்.

கோர்ட்டுக் கட்டடத்தில் இருக்கும் பதிவு அலுவலகம் மாதத்தில் இரண்டு திங்கட்கிழமைதான் திறக்கும். விண்ணப்பம் போடுகிறவருக்கு, ஏற்கெனவே பட்டியலில் இருக்கிற ஒருவர் கூட வந்து, இவரை எனக்குத் தெரியும், இந்த ஊர்க்காரர்தான் என்று சாட்சி சொல்ல வேண்டும். வெள்ளைக்காரர் எவர் வந்து எங்களுக்குச் சாட்சி சொல்லப்போகிறார்? டீக்கன் ஏமஸ்தான் கதி. அதிலும் ஒருவர் வருடத்துக்கு இரண்டு பேருக்கு மேல் சாட்சி சொல்லக்கூடாது என்று பதிவு அதிகாரி லெதர்வுட் ஒரு விதி வைத்திருந்தார். எங்கே எழுதியிருக்கிறது என்று கேட்டால், "எங்கிட்ட எழுதியிருக்கு" என்பார். அந்த வருடம் டீக்கன் தேர்ந்தெடுத்த இரண்டு பேர் நானும் ஒஸெல்லாவும்.

காலை ஏழு மணிக்கே போய் நின்றோம். பதினோரு மணிவரை கதவு திறக்கவில்லை. எனக்கு அவசரம் வந்துவிட்டது. கோர்ட்டுக் கட்டடத்தில் கறுப்பர்களுக்குக் கழிப்பறை கிடையாது. இரண்டு தெரு தள்ளி, ப்ரூயிட்டின் சவப்பெட்டிக் கடைக்குத்தான் ஓட வேண்டும்.

"போயிட்டு வாடி, இடத்த நான் பாத்துக்கறேன்," என்றாள் ஒஸெல்லா.

ஓடினேன், வந்தேன். அதற்குள் கதவு திறந்து அவளை உள்ளே கூப்பிட்டுவிட்டார்கள். காவலாளி என்னை வரிசையின் கடைசிக்குத் துரத்தினான். அந்த வாரம்தான் வாஷிங்டனிலிருந்து வந்த அரசாங்க வக்கீல்கள், கறுப்பர் பெயர் ஏன் இல்லை என்று கேட்டு, கோர்ட்டுப் புத்தகங்களையெல்லாம் புரட்டிப் படம் பிடித்துக்கொண்டு போயிருந்தார்கள். நீதிபதி கேட்டால் காட்டுவதற்கு லெதர்வுட்டுக்கு ஒரு புதுக் கறுப்புப் பெயர் அவசரமாகத் தேவைப்பட்டது. முதலில் உள்ளே போனவளுக்குக் கிடைத்தது. சாப்பாட்டுக்குப் பிறகு நான் போனபோது தேவை தீர்ந்துவிட்டது. கையெழுத்தைக் கோட்டிலேயே போடாமல் கோட்டுக்குச் சற்று மேலே போட்டேனாம். அதற்காக நிராகரித்துவிட்டார்.

இப்போது சொல்லுங்கள், வயிறு எரியுமா எரியாதா?

நவம்பரில் டீக்கன் ஏமஸ் இறந்துபோனார். ஏழாயிரம் பேரில் மறுபடி ஒரே ஒருத்தி. இனி யாருக்குச் சாட்சி வேண்டுமானாலும் அவள் வாசலில்தான் போய் நிற்க வேண்டும். ஊரில் அவளைத் தலையில் தூக்கி வைத்துக்கொண்டார்கள். "மிஸ் ஒஸெல்லா வர்றாங்க, வழி விடுங்க!" சர்ச்சில் முன்வரிசை. கிறிஸ்துமஸுக்குத் தனிப்பாட்டும் அவளுக்கே கொடுத்தார்கள். குரல் எனக்குத்தான் நல்ல குரல். நான் சொல்லவில்லை, பியானோ வாசிக்கிறவரே சொல்லியிருக்கிறார்.

"ஒஸெல்லாகிட்ட போய்க் கேளு, வெர்லீன்," என்றார் பாஸ்டர் டேட். "மே மாசம் ஷெரிஃப் தேர்தல் வருது. உன்னை மாதிரி ஒருத்தி பேர் உள்ள இருக்கணும்."

கவுண்டிப் போலீஸுக்குத் தலைவன்தான் ஷெரிஃப். அவனோடு எனக்கும் ஒரு கணக்கு இருந்தது. சனிக்கிழமையானால் அந்த ஆள் தன் காரை என் பார்லர் வாசலை அடைத்து நிறுத்துவான். உள்ளே வருகிற பெண்களை ஒவ்வொருத்தியாக நிறுத்தி, எங்கே வேலை செய்கிறாய், யார் வீட்டில் என்று விசாரிப்பான். அவனை எதிர்த்து நிற்கிறவன் பெயரில் ஒரு குறி போட வேண்டும் என்று எனக்கு வெறியே இருந்தது. ஆனால் ஒஸெல்லாவிடம் போய்க் கை கட்டி நிற்பதா? நான் சொல்லிக்கொடுத்தவளிடமா?

"பாக்கலாம் பாஸ்டர்," என்று சொல்லிவிட்டேன்.

ஜனவரியில்தான் அந்தக் காரியம் நடந்தது. மேபல் முடி வெட்டிக்கொள்ள உட்கார்ந்திருந்தாள். பக்கத்து நாற்காலியில், தலை காய வைக்கும் மெஷினுக்குள் தலையை விட்டுக்கொண்டு டாட்டி. டாட்டி லெதர்வுட் வீட்டுச் சமையல்காரி. மெஷின் லாரி மாதிரி இரையும். அதன் அடியில் இருக்கிறவளுக்கு எதுவும் கேட்காது என்பது எங்கள் தொழிலில் எல்லோருக்கும் ஒரு நம்பிக்கை. அந்த இரைச்சலுக்கு மேலே மேபலுக்குக் கேட்க வேண்டுமென்று நாம் எவ்வளவு கத்துகிறோம் என்பதை யாரும் யோசிப்பதில்லை. நானும் யோசிக்கவில்லை.

மேபல் ஆரம்பித்தாள். "மிஸ் ஒஸெல்லா இந்த வருஷம் யாருக்கு சாட்சி சொல்லப்போறாங்களோ?"

"மிஸ் ஒஸெல்லாவாம், மிஸ் ஒஸெல்லா!" என்று கத்தினேன். "அவ இந்தக் கவுண்டியிலயா குடியிருக்கா? வாரத்துல நாலு நாள் ஓடைக்கு அந்தப் பக்கம் அக்கா வீட்டுல கெடக்கறா. மூட்டை முடிச்செல்லாம் அங்கதான் இருக்கு. அது அடுத்த கவுண்டி, தெரியுமில்ல? வேற ஊர்க்காரிக்கு இங்க ஓட்டு. நமக்கு நாமம்!"

"ஏய், அவ அக்காவுக்குக் கால் வெளங்கல. பாத்துக்கப் போறா."

"எதுக்குப் போனா என்ன? படுக்கற இடம்தான வீடு?"

மூட்டை முடிச்செல்லாம் அங்கே இல்லை. அது எனக்குத் தெரியும். அவள் வீட்டு வாசல் அடுப்பு, மீன் சட்டி, துணி, செத்துப்போன புருஷனின் தொப்பி எல்லாமே ஓடைக்கு இந்தப் பக்கம்தான். வாய்க்கொழுப்பு, சொல்லிவிட்டேன். சொன்னதும் நெஞ்சுக்கு இதமாகக்கூட இருந்தது. டாட்டி மெஷினுக்குள்ளிருந்து தலையை வெளியே எடுத்து, "முடிஞ்சுதா?" என்று கேட்டாள். முடியைச் சுருட்டிவிட்டு அனுப்பினேன்.

பிப்ரவரி கடைசி வரை என் ரோஷம் தாங்கியது. ஓட்டுப் போடுகிறவர் கட்ட வேண்டிய ஓட்டு வரியை மட்டும் முன்னாலேயே கட்டி ரசீது வாங்கி வைத்திருந்தேன். ஓட்டே இல்லாதவளிடம் ஓட்டு வரி வாங்க அவர்களுக்குக் கூச்சம் கிடையாது. அப்புறம் ஒரு சனிக்கிழமை, ஷெரிஃப் என் வாசலில் மேபலை நிறுத்தி அவள் கைப்பையைக் கொட்டச் சொன்னான். சாமான்களெல்லாம் மண்ணில் விழுந்தன. அவள் குனிந்து பொறுக்குவதை ஜன்னல் வழியாகப் பார்த்துக்கொண்டு நின்றேன். அன்று சாயங்காலம் பார்லரைப் பூட்டிவிட்டு ஒஸெல்லா வீட்டுக்குப் போனேன்.

வாசலில் கூட்டம். எண்ணெய்ச் சட்டியில் கெளுத்தி மீன் பொரிந்துகொண்டிருந்தது. என்னைப் பார்த்ததும் கரண்டியை இன்னொருத்தி கையில் கொடுத்துவிட்டு வந்தாள்.

"என்னடி, அதிசயமா இருக்கு! மீன் வேணுமா, நான் வேணுமா?"

"சாட்சி வேணும்," என்றேன்.

"இப்பதான் வழி தெரிஞ்சுதா உனக்கு? டிசம்பர்லயிருந்து காத்துட்டிருக்கேன்." இடுப்பில் கட்டியிருந்த துணியில் கை துடைத்துக்கொண்டாள். "ஜனவரில ப்ரூயிட்டுக்கு ஒண்ணு சொன்னேன். சவப்பெட்டி செய்யற மனுசன், எழுதும்போது கை நடுங்கி மூணு எடத்துல அடிச்சுட்டார். போச்சு. இன்னும் ஒண்ணுதான் பாக்கி. யார் யாரோ வந்து கேட்டாங்க. அத உனக்குன்னு வெச்சிருக்கேன்."

"எனக்கா? ஏன்?"

"ஏன்னா அந்தப் பரீட்சைய நம்ம ஊர்ல பாஸ் பண்ணக்கூடியவ நீ ஒருத்திதான். வேற யாருக்காவது குடுத்து வீணாக்கறதா? எனக்குச் சொல்லிக் குடுத்ததே நீதான!"

சொல்லிவிட்டுச் சிரித்தாள். அதில் ஒரு கள்ளமும் இல்லை. அவள் கொஞ்சம் பிகு பண்ணியிருந்தால், கொஞ்சம் கெஞ்ச வைத்திருந்தால் எனக்கு நன்றாக இருந்திருக்கும். அவளைத் திட்டிக்கொண்டே வீட்டுக்குப் போயிருக்கலாம். இவள் பெரிய மனுஷியாகவும் நடந்துகொண்டாள். கூடவே நாலு துண்டு மீனை வேறு பொட்டலம் கட்டிக் கையில் திணித்தாள். வழியெல்லாம் எரிச்சலோடு அந்த மீனைத் தின்றேன். நன்றாகத்தான் இருந்தது, சனியன்.

மார்ச் பதினாறு, மூன்றாவது திங்கட்கிழமை. வரிசையில் முப்பது பேருக்கு மேல் நின்றார்கள். வெள்ளைக்காரர்கள் பக்கத்துக் கதவு வழியாக வந்து பத்து நிமிடத்தில் போய்க்கொண்டிருந்தார்கள். எங்கள் ஆட்களில் பாதிப் பேருக்குச் சாட்சி இல்லை. திருப்பி அனுப்புவார்கள் என்று தெரிந்தும், வந்தோம் என்று ஒரு கணக்கு இருக்கட்டும் என்று பாஸ்டர் நிற்க வைத்திருந்தார். நான் முந்தின நாள் சாயங்காலத்திலிருந்து தண்ணீர் குடிக்கவில்லை. இந்தத் தடவை எந்தச் சவப்பெட்டிக் கடைக்கும் ஓடுவதாக இல்லை.

இரண்டு மணிக்கு எங்களைக் கூப்பிட்டார்கள். லெதர்வுட் ஒல்லியான மனிதர். மூக்குக்கண்ணாடியை நெற்றியில் ஏற்றி வைத்துக்கொண்டுதான் எங்களைப் பார்ப்பார். கதவைச் சாத்தச் சொல்லவில்லை. வரிசையில் நின்றவர்கள் எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

அரசியல் சட்டத்தில் ஒரு பத்தியைப் படிக்கச் சொன்னார். படித்தேன். இன்னொன்றை அவர் வாயில் மென்றுகொண்டே சொல்ல, நான் எழுத வேண்டும். எழுதினேன். ஒரு மாநிலத்துக்கு எத்தனை செனட்டர்கள், ஜனாதிபதி இறந்தால் யார், அவரும் இறந்தால் யார், எல்லாவற்றுக்கும் பதில் எழுதினேன். கையெழுத்தைக் கோட்டின் மேல் எறும்பை உட்கார வைப்பது போல் உட்கார வைத்தேன். பேனாவால் வரிவரியாகத் தொட்டுக்கொண்டு போனவர் கடைசியில் பேனாவைக் கீழே வைத்தார்.

"தப்பு ஒண்ணும் இல்ல," என்றார்.

எனக்குக் காதெல்லாம் சூடாகிவிட்டது. பக்கத்தில் நின்ற ஒஸெல்லா என் முழங்கையைக் கிள்ளினாள். வாசலில் யாரோ "கர்த்தருக்கு ஸ்தோத்திரம்" என்று முணுமுணுத்தார்கள்.

"ஒஸெல்லா, இவளுக்கு நீதான் சாட்சியா?" என்று கேட்டார் லெதர்வுட்.

"ஆமாங்க, ஐயா."

"உன் வீடு எங்க?"

"ஓடைக்கு இந்தப் பக்கம், ஐயா. பழைய பருத்தி ஆலைக்குப் பின்னாடி."

"நான் வேற மாதிரி கேள்விப்பட்டேனே." மூக்குக்கண்ணாடியை இறக்கிக்கொண்டு என் பக்கம் திரும்பினார். "என்ன வெர்லீன், நீதான சொன்னே? இவ அடுத்த கவுண்டில குடியிருக்கான்னு. மூட்டை முடிச்செல்லாம் அங்கதான்னு. எங்க வீட்டு டாட்டி உன் பார்லர்ல காதால கேட்டிருக்கா."

ஒஸெல்லா என்னைப் பார்ப்பது தெரிந்தது. நான் அவள் பக்கம் திரும்பவில்லை.

லெதர்வுட் இழுப்பறையிலிருந்து தட்டச்சு செய்த ஒரு தாளை எடுத்து என் முன்னால் வைத்தார். "இதுல அதத்தான் எழுதியிருக்கு. ஒரு கையெழுத்து போடு. உங்க ஆளு கையெழுத்து இருந்தா அந்த வாஷிங்டன் வக்கீலுங்க வாயத் தொறக்க முடியாது. இவ பேர அடிச்சுடலாம்."

"அவ பேர அடிச்சுட்டா, எனக்குச் சாட்சி?" என்று கேட்டேன். என் வாய்தான் கேட்டது.

"எங்க கிளார்க் சொல்லுவான் சாட்சி. உன் பேர இன்னிக்கே, இப்பவே, உன் கண்ணு முன்னாடி எழுதிடறேன்." பெரிய புத்தகத்தைத் திறந்து என் பக்கம் திருப்பிக் காட்டினார். "யோசிச்சுப் பாரு. இந்தக் கவுண்டியில கறுப்புல உன் பேர் மட்டும்தான் இருக்கும்."

உன் பேர் மட்டும்தான். பொய் சொல்ல மாட்டேன், அது இனித்தது. சர்ச்சில் எல்லோரும் என்னைச் சுற்றி நிற்பது தெரிந்தது. பாஸ்டர் அழுவது தெரிந்தது. "மிஸ் வெர்லீன் வர்றாங்க, வழி விடுங்க" என்று மேபல் சொல்வது காதில் கேட்டது. மே மாதம் அந்த ஷெரிஃபின் மூக்கின் முன்னால் நடந்து போய்க் குறி போடுவது தெரிந்தது. பேனாவைக் கையில் எடுத்தும்விட்டேன்.

"வெர்லீன்," என்றாள் ஒஸெல்லா. கெஞ்சவில்லை. வழக்கம்போலப் பேசினாள். "ஐயாகிட்ட சொல்லுடி. என் வீடு எதுன்னு உனக்குத் தெரியாதா? போன மாசம்தான வந்து மீன் வாங்கிட்டுப் போன?"

அப்போதும் அவள் நான் சொல்லியிருப்பேன் என்று நம்பவில்லை. டாட்டிதான் ஏதோ கதை கட்டிவிட்டாள் என்று நினைத்துக்கொண்டிருந்தாள்.

லெதர்வுட்டின் வாயோரம் ஒரு சிரிப்பு இருந்தது. இரண்டு கோழியைச் சண்டைக்கு விட்டுவிட்டு ஓரமாக நிற்கிறவனின் சிரிப்பு. அதைப் பார்த்ததும் எனக்கு எங்கிருந்தோ கோபம் பொங்கியது. ஒஸெல்லாவைத் தாண்ட வேண்டும் என்பது என் ஆசை. அதற்கு அவள் அங்கே இருக்க வேண்டாமா? இன்றைக்கு என் கையெழுத்தால் அவள் பெயர் போனால், அடுத்த மாதம் எவளுடைய கையெழுத்தாலோ என் பெயர் போகும். எங்களைக் கொண்டே எங்களை அடித்து முடித்துவிட்டு, இந்த ஆள் புத்தகத்தை மூடி வைத்துக்கொண்டு சாப்பிடப் போவார்.

பேனாவை மேசையில் போட்டேன்.

"நான் சொன்னது பொய், ஐயா."

"என்னது?"

"பார்லர்ல சொன்னேன். சொன்னது நாந்தான். ஆனா அது பொய். அவ வீடு இங்கதான் இருக்கு. அக்காவுக்கு உடம்பு சரியில்லாததால போய் வர்றா. எனக்கு அவமேல பொறாமை. என்னைத் தள்ளிட்டு முன்னால போயிட்டாளேன்னு பொறாமை. அதனால வாய்க்கு வந்ததக் கத்தினேன்."

லெதர்வுட்டின் கழுத்து சிவந்தது. என் விண்ணப்பத்தை இழுத்து, கடைசிப் பக்கத்தில் ஒரு வரியை விரலால் தட்டினார்.

"விண்ணப்பதாரர் நன்னடத்தை உள்ளவரா இருக்கணும். படிச்சவதான நீ? பொய்க்காரின்னு உன் வாயாலயே சொல்லிட்ட." முத்திரையை எடுத்துக் குத்தினார். நிராகரிக்கப்பட்டது. "அடுத்து!"

ஒஸெல்லாவின் பெயர் புத்தகத்தில் அப்படியே இருந்தது.

கோர்ட்டுப் படிக்கட்டில் அவள் எனக்கு முன்னால் இறங்கினாள். கீழ்ப்படியில் நின்றாள்.

"மெஷின் சத்தத்துல கேக்காதுன்னு நெனச்சியா?"

"ம்."

"மேபல் முன்னாடி சொன்னியா?"

"ம்."

"அதுக்கப்புறம் என் வீட்டுக்கு வந்தே. என் கையால மீன் வாங்கித் தின்னே." அவள் குரல் உயரவேயில்லை. "அந்த ஒரு சாட்சிக்காக எத்தன பேர் வந்து நின்னாங்க தெரியுமா உனக்கு? கொரியாவுல சண்டை போட்டு ஒத்தக் காலோட வந்தானே ஹோமர், அவன் வந்தான். நீ இருக்கேன்னு அனுப்பிட்டேன். வீணாப்போச்சேடி! இனி இந்த வருஷம் பூரா யாருக்கும் நான் வாயத் தொறக்க முடியாது."

"கடைசில உன் பேரக் காப்பாத்தினது நாந்தான?" என்றேன். வெட்கங்கெட்டுத்தான் கேட்டேன்.

"நீயே தீய வெச்சுட்டு, நீயே தண்ணியும் ஊத்திட்டு, எங்கிட்ட நன்றி கேக்கறியா?" சொல்லிவிட்டுப் போய்விட்டாள்.

அதற்குப் பிறகு என் பார்லரில் ஈ ஓட்டினேன். மேபல்கூட வரவில்லை. சர்ச்சில் என் பெஞ்சில் என் பக்கத்து இடம் காலியாகவே இருந்தது. செவ்வாய்க்கிழமை வகுப்பைப் பாஸ்டர் டேட் என்னிடமிருந்து வாங்கி யாரிடம் கொடுத்தார் என்று நினைக்கிறீர்கள்? ஒஸெல்லாவிடம்! ஜன்னல் வழியாக ஒரு நாள் பார்த்தேன். கரும்பலகையில் ஒரு வார்த்தையைத் தப்பாக எழுதியிருந்தாள். உள்ளே போய்த் திருத்தக் கை துறுதுறுத்தது. போகவில்லை.

மே ஐந்து, செவ்வாய்க்கிழமை. ஓட்டு நாள். பார்லரைச் சாத்திவிட்டு, ஓட்டுப் போடும் கோர்ட்டுக் கட்டடத்துக்கு எதிரே தீவனக் கடையின் தகரக் கூரை நிழலில் போய் நின்றேன். எதற்கு என்று கேட்காதீர்கள். வீட்டில் இருக்க முடியவில்லை.

பத்து மணிக்கு ஒஸெல்லா வந்தாள். சர்ச்சு ஆட்கள் ஆறேழு பேர் கயிறு கட்டியிருந்த இடம்வரை கூட வந்து நின்றுவிட்டார்கள். நீல உடுப்பு, வெள்ளைக் கையுறை. முடியை யாரோ புதிதாகச் சீவி விட்டிருந்தார்கள். கழுத்தோரம் முடி சுருண்டு நிற்கிறது, முன்னால் ஒரு பக்கம் தூக்கிக்கொண்டிருக்கிறது. எவளிடம் போய்த் தலையைக் கொடுத்தாளோ! பதினாறு வருடம் அந்தத் தலை என் கையில் இருந்தது. அதற்கும் எரிந்தது எனக்கு.

ஷெரிஃப் தன் காரில் சாய்ந்துகொண்டு நின்றான். அவளை ஏற இறங்கப் பார்த்தான். ஒன்றும் கேட்கவில்லை. அவள் அவனைத் தாண்டிப் படியேறி உள்ளே போனாள்.

வாசலையே பார்த்துக்கொண்டிருந்தேன். உள்ளே மேசை எப்படி இருக்கும், சீட்டு என்ன நிறம், பென்சிலா பேனாவா, குறி போடும்போது மறைப்பு இருக்குமா இருக்காதா? வகுப்பில் இதையெல்லாம் நான்தான் சொல்லிக்கொடுத்தேன். எதையும் நான் கண்ணால் பார்த்ததில்லை.

வெளியே வந்தாள். கூட வந்தவர்கள் கை தட்டவில்லை. ஷெரிஃப் நின்றதால் தட்டவில்லை. அவர்களிடம் போகாமல், தெருவைக் கடந்து நேராக என்னிடம் வந்தாள். மார்ச்சுக்கப்புறம் அன்றுதான் என் முகத்தைப் பார்த்தாள்.

"பேர் கேட்டாங்க. சொன்னேன். எங்க குடியிருக்கேன்னு கேட்டாங்க," என்றாள். "அதையும் சொன்னேன். எழுதிக்கிட்டாங்க."

"அவங்க வேற ஒண்ணும் சொல்லலியா?"

"சொல்லல."

இரண்டு மாதமாக உள்ளே முட்டிக்கொண்டிருந்த ஒன்று வெளியே வந்துவிட்டது. "எனக்காகவும் சேத்துப் போட்டியா, ஒஸெல்லா?"

ஆமாம் என்று சொல்வாள் என்றுதான் எதிர்பார்த்தேன். அவள் நல்ல மனசுக்காரி. நம் ரெண்டு பேருக்கும் சேர்த்துத்தான் போட்டேன், எல்லாருக்கும் சேர்த்துத்தான் போட்டேன் என்று ஏதாவது சொல்வாள், நானும் அழுதுவிட்டு வீட்டுக்குப் போகலாம் என்று நின்றேன்.

அவள் கையுறையைக் கழற்றிப் பைக்குள் வைத்தாள்.

"ஒரு சீட்டுதான் குடுத்தாங்க, வெர்லீன்," என்றாள். "அது என்னுது."

திரும்பித் தெருவைக் கடந்து தன் ஆட்களோடு போய்ச் சேர்ந்தாள். எனக்கு வயிறு எரிந்தது. அதுவரை எரியாத அளவுக்கு எரிந்தது. தனிப்பாட்டுக்கும் முன்வரிசைக்கும் எரிந்ததெல்லாம் இதன் முன்னால் ஒன்றுமேயில்லை. யாராவது ஒருத்தி வந்து என்னிடம் அப்படிக் கேட்க வேண்டும், நானும் அதே மாதிரி, குரலை உயர்த்தாமல், என்னுது என்று சொல்ல வேண்டும். எனக்கு வேறு எதுவுமே வேண்டாம் போலிருந்தது. சாயங்காலம் அவர்கள் கதவைச் சாத்திப் பெட்டியைத் தூக்கிக்கொண்டு போகும்வரை அங்கேயே நின்றுகொண்டிருந்தேன்.